மில் வீட்டு மாலைக் கணக்கு

எண்ணையும் எழுத்தையும் கண்ணோடு ஒப்பிட்டுப் போற்றியவர் தமிழ்ச் சான்றோர். ஆயினும், அவ்விரு கண்களுள் ஒன்று குழந்தைகள் பலருக்கு நெடுங்காலமாகவே கூசும் கண்ணாக இருந்து வருகிறது. கதை என்றால் ஓடி வந்து மடியில் அமரும் பிள்ளை, கணக்கு என்றால் பசிக்கிறது என்கிறது. தூக்கம் வருகிறது என்கிறது. பென்சிலைக் காணோம் என்கிறது. பள்ளியில் இதனைச் சமாளிக்க ஆசிரியர் இருக்கிறார். உடன் பயிலும் பிள்ளைகளும் இருக்கின்றனர். வீட்டிலோ தாயும் தந்தையுமே எல்லாமாக நிற்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு, கொடிய நோய்த்தொற்றின் காரணமாக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டு மேசைகளே வகுப்பறைகளாயின. மொழிப்பாடத்தை ஒருவாறு நடத்திவிட்ட பெற்றோர் பலரும், கணக்குப் பாடத்தில் பிள்ளையோடு மல்லுக்கு நின்றனர். அன்பாகத் தொடங்கிய பாடம் அதட்டலில் முடிந்த வீடுகள் உண்டு. அழுகையில் முடிந்த வீடுகளும் உண்டு.

இத்துன்பம் புதியதன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரில் ஒரு வீட்டில் நாள்தோறும் மாலை வேளையில் இதுவே நிகழ்ந்தது. கற்பித்தவர் ஜேம்ஸ் மில். கற்றவர், பிற்காலத்தில் பொருளியலிலும் அளவை நூலிலும் பேரறிஞராக விளங்கிய அவருடைய மூத்த மகன் ஜான் ஸ்டூவர்ட் மில். மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கிய குழந்தை என்று அவ்வீட்டுக் கல்வியை உலகம் இன்றும் வியந்து பேசுகிறது. அவ்வீட்டின் மாலைக் கணக்கைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஆயினும் கற்பிப்போருக்கு மிகுந்த பயன் தருவது அந்த மாலைக் கணக்கின் வரலாறேயாகும்.

ஒரு மேசை, இரு வேலை

ஜேம்ஸ் மில் 1773ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1802இல் இலண்டன் வந்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஜான் பிறந்தான். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் மில் 'பிரிட்டிஷ் இந்திய வரலாறு' என்னும் பெருநூலை எழுதத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று அவர் எண்ணிய பணி, பத்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. குடும்பமோ பெருகிக்கொண்டே வந்தது. மொத்தம் ஒன்பது பிள்ளைகள். நிலையான ஊதியம் இல்லை. இந்நிலையிலும் அவர் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாமே ஆசிரியராக அமர்ந்தார்.

தந்தை நூலெழுதிய மேசையிலேயே மகன் பாடம் படித்தான். கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி அக்காலத்தில் சிறுவர் கைக்கு எட்டாத ஒன்று. ஆதலால், தெரியாத சொல் வரும்போதெல்லாம் சிறுவன் தந்தையைக் கேட்டான். பொறுமை என்பது ஜேம்ஸ் மில்லுக்கு இயல்பாக வாய்த்த குணமன்று. ஆயினும், வரி தோறும் இடையூறு நேர்ந்தபோதும், அவர் பேனாவை நிறுத்தி விடை கூறினார். இந்தத் தியாகத்தை மகன் தம் முதுமைவரை மறக்கவில்லை. 1873இல் அவர் மறைந்த பின் வெளிவந்த தன்வரலாற்றில் அதனை நன்றியோடு குறித்திருக்கிறார்.

காலையில், உணவுக்கு முன்பு, தந்தையும் மகனும் பசுமையான ஒழுங்கைகளில் உலாவச் செல்வர். முந்திய நாள் தான் படித்த வரலாற்று நூல்களைப் பற்றிச் சிறுவன் துண்டுத் தாள்களில் குறிப்பெழுதி வைத்திருப்பான். நடந்துகொண்டே தந்தைக்கு அவற்றை எடுத்துரைப்பான். அந்தக் காலை உலா அவனுக்கு இனித்தது. பகலில் கிரேக்கம் நடந்தது. மாலையில் கணக்கு வந்தது. அந்த மாலைப் பாடம் தமக்குக் கசப்பாக இருந்தது என்பதை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அவர் தெளிவாக நினைவுகூர்ந்து எழுதினார்.

சிறுவனிடம் சோம்பல் இருந்தது என்று எவரும் கூற இயலாது. ஏழு வயதிற்குள் ஹெரடோட்டசையும் பிளேட்டோவின் உரையாடல்கள் சிலவற்றையும் கிரேக்க மூலத்திலேயே படித்தவன் அவன். அறிவுக்குறை என்றும் கூற இயலாது. அத்தகைய பிள்ளைக்கே மாலைக் கணக்கு கசந்தது என்றால், குறையைப் பிள்ளையிடம் மட்டும் தேடுவது முறையாகாது. நாள் முழுவதும் உழைத்துக் களைத்த சிறுவன், நாள் முழுவதும் எழுதிக் களைத்த தந்தை, நாளின் கடைசிப் பாடம் ஆகிய இம்மூன்றும் ஒரே மேசையில் கூடின என்பதை மட்டும் இவ்விடத்துக் குறித்துக்கொள்ளலாம். இன்றும் பல வீடுகளில் கணக்கு மாலைப் பாடமாகவே இருக்கிறது.

எழும்பூர் மணலிலிருந்து

அவ்வீட்டில் வேறொரு வழக்கமும் இருந்தது. எட்டாம் வயதில் ஜான் இலத்தீன் தொடங்கியபோது, தான் கற்றதைத் தன் தங்கைக்கும் கற்பிக்க வேண்டும் எனத் தந்தை பணித்தார். பின்னர் மற்றத் தங்கையரும் தம்பியரும் ஒருவர் பின் ஒருவராக அவனுக்கு மாணாக்கராயினர். அவர்கள் பாடத்தைத் தவறின்றி ஒப்பிக்காவிடின் பழி அவன் தலையில் விழும். 1817ஆம் ஆண்டு, பென்தம் என்னும் பேரறிஞர் வாடகைக்கு எடுத்திருந்த போர்டு ஆபி என்ற நாட்டுப்புற மாளிகையில் மில் குடும்பம் தங்கியிருந்தது. அங்கே சென்ற பிரான்சிஸ் பிளேஸ் என்பவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று ஒரு காட்சியைக் காட்டுகிறது. தங்கையர் இருவரும் காலைப் பாடத்தைச் சரியாக ஒப்பிக்கவில்லை. ஒரு மணிக்கு மேலே சென்ற உணவு திரும்பக் கீழே வந்துவிட்டது. மூன்று மணிக்கும் அவர்கள் புத்தகத்தோடு போராடுகின்றனர். அவர்களைத் தேறியதாக விட்டுவிட்ட குற்றத்திற்காக ஜானும் உணவின்றிப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறான்!

திண்ணைப் பள்ளிக்கூடத்தை அறிந்த தமிழருக்கு இக்காட்சி புதியதாகத் தோன்றாது. இவன் யார்? சட்டாம்பிள்ளை அல்லனோ? இலண்டன் அறிஞரின் வீட்டில் சட்டாம்பிள்ளை எவ்வாறு வந்தான் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் அவர் குதிரையில் செல்லும்போது, நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனை 'மலபார்' பள்ளி என்று அவர் குறித்தார். தமிழரை அச்சொல்லால் அழைப்பது அக்கால ஆங்கிலேயர் வழக்கம். தம் பள்ளியிலும் அவ்வாறே மணலில் எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்றார். துணையாசிரியர் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். அது வெற்றி பெற்றது. பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாகும் முறை அப்பள்ளி முழுவதும் பரவியது. 1796இல் சென்னையை விட்டுச் சென்ற பெல், மறு ஆண்டு இலண்டனில் அம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அது பெயர் பெற்றது. மணலைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்ட பெல், பிள்ளையாசிரிய முறை தம்முடைய கண்டுபிடிப்பு என்றார். அதுவும் சட்டாம்பிள்ளை முறையிலிருந்து வந்ததே என்பார் பலர். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளி நடத்தினார். லங்காஸ்டரின் பள்ளிகளுக்காக வாதாடி எழுதியவருள் ஜேம்ஸ் மில் முன்னணியில் நின்றார். 1812இல் அதற்காகவே ஒரு சிறுநூல் எழுதினார். ஊருக்குச் சொன்னதை அவர் தம் வீட்டிலும் நடத்தினார். இந்தியாவைக் கண்ணால் காணாமலே இந்திய வரலாறு எழுதியவர் அவர். இந்தியரின் வானநூலுக்கும் கணிதத்திற்கும் பிறர் கூறிய சிறப்பை அந்நூலில் மறுத்தவரும் அவர். அவர் அவ்வாறு எழுதிக்கொண்டிருந்த வீட்டிலேயே, எழும்பூர் மணலில் தளிர்த்த முறை அவருடைய பிள்ளைகளை ஆண்டது. வரலாற்றின் விளையாட்டு இது!

இம்முறையின் வலிமையும் எல்லையும் திண்ணைப் பள்ளியிலேயே தெளிவாகத் தெரிந்தவை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் சுவடிகளைச் சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வர். முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு, மா இருபதில் ஒரு பங்கு என்னும் சிற்றிலக்கங்கள் நாவில் ஊறிவிடும். நெல்லிலக்கத்தின் நாழியும் மரக்காலும் வீட்டு முற்றத்தில் அன்றாடம் கண்ட பொருள்களாதலால், ஓசையின் பின்னே பொருளும் ஓரளவு நின்றது. மனப்பாடத்தைக் கடத்துவதற்குச் சட்டாம்பிள்ளை போதும். ஆனால், ஒரு பிள்ளைக்கு எந்த இடத்தில் விளங்காமற் போயிற்று என்று கண்டறிவதற்கு மனப்பாடம் போதாது. அதற்குப் பாடத்தின் அடியும் முடியும் அறிந்தவர் வேண்டும்.

மறந்த பாடம்

மில் வீட்டில் உண்மையான இடர் நேர்ந்தது இந்த இடத்தில்தான். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதிற்குள் ஜான் அடிப்படை வடிவக்கணிதத்தையும் இயற்கணிதத்தையும் நன்றாகவே கற்றான். அதன் பின், நுண்கணிதமும் பிற உயர்கணிதமும் வந்தன. தந்தை அவற்றை இளமையில் பயின்றவரே. ஆனால் அவை அவர் நினைவில் பசுமையாக இல்லை. மறந்ததைப் புதுப்பித்துக்கொள்ள வரலாற்று நூல் அவருக்கு ஓய்வு தரவில்லை. ஆதலால், புத்தகத்தை மகன் கையில் கொடுத்து, நீயே படித்துக்கொள் என விட்டுவிட்டார்.

விளைவு யாது? கடினமான கணக்குகளைச் செய்ய முடியாமல் மகன் அடிக்கடி தந்தையின் சினத்திற்கு ஆளானான். அக்கணக்குகளுக்கு முன்னர் அறிந்திருக்க வேண்டியவற்றை மகன் அறிந்திருக்கவில்லை என்பது தந்தைக்குத் தெரியவில்லை. இதனைத் தன்வரலாற்றில் மகனே எழுதியிருக்கிறார். குற்றம் சாட்டும் குரலில் அவர் எழுதவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு வைத்திருக்கிறார். கல்வியியலில் எழுதப்பட்ட நூல்கள் பலவற்றினும் அச்சிறு குறிப்பு கனமானது.

ஏணியில் நான்காம் படியும் ஐந்தாம் படியும் இல்லை. ஆறாம் படியில் கால் வை என்கிறார் தந்தை. பிள்ளை தயங்குகிறது. ஏணி முழுமையாக இருப்பதாக நம்பும் தந்தைக்கு அத்தயக்கம் முரண்டாகத் தெரிகிறது, சோம்பலாகத் தெரிகிறது. பிள்ளைக்கோ படி இல்லை என்று சொல்லவும் தெரிவதில்லை. ஏனெனில், அங்கே ஒரு படி இருக்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. இருவரும் உண்மையாகவே உழைக்கின்றனர், இருவரும் துன்புறுகின்றனர்.

ஜேம்ஸ் மில்லுக்குக் கற்பிக்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிடலாகாது. அதே தந்தை, 1819இல், பதின்மூன்று வயது மகனுக்குப் பொருளியல் கற்பித்த முறை வேறு. உலாவும்போது நாள்தோறும் ஒரு பகுதியை விளக்குவார். மறுநாள் மகன் அதனைத் தன் சொற்களில் எழுதித் தருவான். தெளிவாக அமையும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அக்குறிப்புகளையே அடிப்படையாக வைத்துத் தந்தை பின்னர்த் தம் பொருளியல் நூலை எழுதினார். ரிக்கார்டோ என்னும் பொருளியல் மேதைக்கு நெருங்கிய நண்பர் அவர். அத்துறை அவருடைய உள்ளங்கை நெல்லிக்கனி. ஆகவே மகன் எங்கே வழுவினான் என்பதை அவரால் உடனே காண முடிந்தது. கண்டவுடன் திருத்தவும் முடிந்தது. தந்தை ஒருவரே, மகனும் ஒருவனே, கண்டிப்பும் ஒன்றே. பொருளியலில் பயிர் விளைந்தது, நுண்கணிதத்தில் விளையவில்லை. வேறுபாடு கற்பித்தவரின் தெளிவில் இருந்தது.

மகனின் தீர்ப்பும் ஒருதலையானதன்று. தம்மால் செய்யக்கூடியதை மட்டுமன்றி, எவ்வாற்றானும் செய்ய இயலாததையும் தந்தை கேட்டார் என்று எழுதியவர், செய்ய இயலாதது எதுவுமே கேட்கப்படாத மாணாக்கன் தன்னால் இயன்ற அளவையும் செய்து முடிப்பதில்லை என்றும் எழுதினார். கடினமான வேலை கூடாது என்பது அவர் கருத்தாகாது.

பாரிசில் ஒரு வீடு

இதற்கு நேர்மாறான வேறொரு வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். மில் காலத்திற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சு நாட்டில் எத்தியேன் பாஸ்கல் என்னும் அரசு அலுவலர் வாழ்ந்தார். மனைவி 1626இல் இறந்தபின், 1631இல் தம் மூன்று குழந்தைகளுடன் பாரிசு நகரில் குடியேறி, அவர்களுக்குத் தாமே ஆசிரியரானார். அவர் சிறந்த கணித அறிஞர். ஆயினும் தம் மகன் பிளேய்ஸ் பதினைந்து வயது ஆகும்வரை கணிதத்தைத் தொடலாகாது என்று விதித்தார்; அதன் சுவை பிடித்துவிட்டால் இலத்தீனும் கிரேக்கமும் பாழாகும் என்பது அவருடைய அச்சம். கணித நூல்களைப் பூட்டி வைத்தார். பிள்ளையின் முன் கணிதம் பேசுவதையும் தவிர்த்தார்.

வடிவக்கணிதம் என்றால் என்ன என்று சிறுவன் ஒருநாள் கேட்டான். பிழையற்ற உருவங்களை வரைந்து, அவற்றின் அளவுகளுக்கு இடையேயுள்ள தொடர்புகளைக் காணும் கலை என்று தந்தை ஒரே வாக்கியத்தில் விடை கூறி, அதற்குமேல் கேட்கக் கூடாது என்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாயிற்று. விளையாட்டு நேரத்தில் தனியறையில் தரையில் கரியால் கோடுகளும் வட்டங்களும் வரைந்தான். அவற்றின் பெயர்கள் தெரியாமையால் 'கம்பி' என்றும் 'வளையம்' என்றும் தானே பெயரிட்டுக்கொண்டான். ஒருநாள் தந்தை உள்ளே நுழைந்தபோது, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்னும் உண்மையை அவன் ஆராய்ந்துகொண்டிருந்தான். யூக்ளிட் நூலின் முதற் பகுதியில் அது முப்பத்திரண்டாவதாக உள்ளது. தந்தை ஒன்றும் பேசாமல் வெளியேறி, நண்பரிடம் சென்று ஆனந்தக் கண்ணீர் சொரிந்தார். அதன்பின் யூக்ளிட் நூல் சிறுவனின் கைக்கு வந்தது.

இக்கதையைக் கூறியவர் பாஸ்கலின் தமக்கை. உடன்பிறந்த பாசம் இதனைச் சற்றே பெரிதாக்கியிருக்கலாம் என்பார் உளர். அது எவ்வாறாயினும், 1640இல், பதினேழு வயதுக்குள், கூம்பு வெட்டுகளைப் பற்றிய அவருடைய ஆய்வு அச்சேறியது மறுக்கவியலாத உண்மை. அவர் தந்தை ரூவான் நகரில் வரிக் கணக்குகளில் மூழ்கி இரவு பகலாகத் துன்புற்றபோது, அத்துன்பத்தைக் குறைக்கவே 1642இல் கூட்டல் இயந்திரம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார் மகன். கணக்கைப் பூட்டி வைத்த தந்தையின் கணக்குச் சுமையை, அந்த மகனே சக்கரங்களின் மேல் ஏற்றினார்!

எல்லாப் பிள்ளையும் பாஸ்கல் ஆகிவிடாது. புத்தகத்தைப் பூட்டி வைப்பது ஒரு போதனாமுறையும் ஆகாது. ஆனால் இரு வீடுகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும். பாஸ்கல் வீட்டில் பாடம் கேள்வியாகப் பிறந்தது; அதற்கு விடை சொன்னவர் அதனை முழுதும் அறிந்தவர். மில் வீட்டில் பாடம் கட்டளையாகப் பிறந்தது. கட்டளையிட்டவர் அதனை மறந்தவர்.

கூழாங்கற்கள்

1820ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், ஜான் பிரெஞ்சு நாட்டிற்குச் சென்றார். பென்தமின் தம்பி குடும்பத்தோடு தங்கி ஏறத்தாழ ஓராண்டு அங்கே கழித்தார். மான்ட்பெல்லியர் நகரில், பள்ளிப் பேராசிரியர் லாந்தெரிக் என்பவரிடம் தனியாக உயர்கணிதம் பயின்றார். மறந்தவரிடம் சினம் பெற்ற பாடத்தை, அன்றாடம் கற்பிப்பவரிடம் சென்று முறையாகக் கற்றார் எனலாம்.

1843இல் அவர் வெளியிட்ட அளவை நூலில் எண்களைப் பற்றிய அதிகாரம் ஒன்று உண்டு. எண்ணின் உண்மைகள் எங்கிருந்து வருகின்றன என்பது அங்குள்ள வினா. அவை நம் அனுபவத்திலிருந்தே வருகின்றன என்பது மில்லின் விடை. மூன்று கூழாங்கற்களை ஒரே குவியலாக வைத்தால் ஒரு தோற்றம். இரண்டும் ஒன்றுமாகப் பிரித்து வைத்தால் வேறு தோற்றம். இடமாற்றிச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றாகிறது என்பதைக் கண்ணும் கையும் கண்டறிகின்றன. இரண்டும் ஒன்றும் மூன்று என்பதன் வேர் அதுவே என்றார். அதோடு நில்லாமல், குழந்தைக்குக் கணக்குக் கற்பிக்கும் திருந்திய முறைகள் எல்லாம் இவ்வுண்மையை அறிந்தே நடக்கின்றன என்றும், வெறும் இலக்கக் குறிகளை விட்டு எண்ணையே கற்பிக்க விரும்புவோர், பிள்ளையின் உள்ளத்தையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புவோர், புலன்களின் வழியாகவே கற்பிக்கின்றனர் என்றும் எழுதினார்.

தத்துவ அறிஞர் அனைவரும் இதனை ஏற்றுக்கொண்டாரல்லர். ஜெர்மானியக் கணித அறிஞர் பிரேகே, 1884இல் வெளியிட்ட நூலில் மில்லைக் கடுமையாக எள்ளினார். உலகத்துப் பொருள்கள் எல்லாம் ஆணியடித்து நிறுத்தப்படாதது நம் நற்பேறு. இல்லையேல் இரண்டும் ஒன்றும் மூன்றாகாது போலும் என்ற பொருளில் எழுதினார். பேரெண்களைக் கல்லாக எண்ணிப் பார்த்தவர் யார் என்றும் கேட்டார். எண் என்பது யாது என்ற வினாவில் பிரேகேயின் கண்டனம் வலியது. ஆனால், எண் பிள்ளையின் உள்ளத்தில் எவ்வாறு நுழைகிறது என்பது வேறு வினா. அதில் மில்லின் கூழாங்கல் இன்றும் நிலைத்து நிற்கிறது. பெல்ஜிய நாட்டு ஆசிரியர் கியூசனேர் உருவாக்கிய வண்ணக் கோல்கள், தொடக்கப்பள்ளி மேசைகளில் இன்று காணும் மணிச்சட்டங்கள், புளியங்கொட்டைகள், ஐஸ்கிரீம் குச்சிகள் ஆகிய எல்லாம் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

தம் இளமையின் கசப்பான மாலைகளே இவ்விடையைத் தந்தன என்று மில் அந்த அதிகாரத்தில் கூறவில்லை. ஆயினும், மாலைக் கணக்கில் துன்புற்ற சிறுவன் வளர்ந்து, பிள்ளையின் உள்ளத்தையும் உடன் அழைத்துச் செல்லும் கணக்கைப் பாராட்டி எழுதினான் என்பதைக் கற்பிப்போர் மறவாதிருத்தல் நன்று.

ஒரு நகரத்துச் சோதனை

இக்கருத்து தனி வீடுகளைக் கடந்து ஒரு நகரப் பள்ளிகளிலும் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்னும் நகரம் உண்டு. அந்நகரப் பள்ளிகளின் மேற்பார்வையாளர் பெனசெட், 1929இல் சில வகுப்புகளில் முறையான கணக்குப் பாடத்தை நிறுத்தி வைத்தார். அவ்வகுப்புகளில் பெரும்பாலான பிள்ளைகளின் வீடுகளில் ஆங்கிலம் பேசப்படவில்லை. கணக்கு நடந்த வேளையில் பிள்ளைகள் படித்தனர். கண்டதையும் கேட்டதையும் தம் சொற்களில் பேசினர். நீளத்தையும் உயரத்தையும் நேரத்தையும் கண்ணளவாக மதிப்பிட்டனர். ஆறாம் வகுப்பில்தான் முறையான கணக்குத் தொடங்கியது. அவ்வோராண்டிலேயே அவர்கள், தொடக்கம் முதல் கணக்குப் பயின்ற பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டனர் என்று பெனசெட் 1935, 1936ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் அறிவித்தார். வீட்டில் கற்பிக்கும் மேலைநாட்டுப் பெற்றோர் பலர் இன்றும் இக்கட்டுரைகளை எடுத்துக்காட்டுவர்.

கணக்கைத் தள்ளிப்போட்டால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. அப்பிள்ளைகள் அவ்வாண்டுகளில் சும்மா இருக்கவில்லை. அளவைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தனர். இலக்கம் பின்னர் வந்தது. எண்ணம் முன்னரே வந்துவிட்டது. மேலும் சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. வீட்டிலேயே கற்பிக்க விலக்குப் பெற்ற பெற்றோரின் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும். கணிதம் அதில் ஒரு பாடம். தேர்வு காத்திருக்கும் நாட்டில் காலவரையின்றித் தள்ளிப்போட எவருக்கும் இயலாது.

முரண்டு சொல்லும் செய்தி

ஆகவே, கணக்கை வெறுக்கும் பிள்ளையின் முன் அமர்ந்திருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் ஆசிரியருக்கும் மில் வீடு வழங்கும் பாடம் ஒன்றே. பிள்ளையின் முரண்டு பெரும்பாலும் ஒரு செய்தி. படி ஒன்று இல்லை என்பதைச் சொல்லத் தெரியாத பிள்ளை, முகத்தைச் சுளித்துச் சொல்கிறது, பென்சிலைத் தொலைத்துச் சொல்கிறது, அழுது சொல்கிறது. பின்னக் கணக்கில் அழும் பிள்ளைக்கு உண்மையில் தெரியாதது வகுத்தலாக இருக்கலாம். வகுத்தலில் முரண்டு பிடிக்கும் பிள்ளைக்கு வாய்பாடே தளர்ந்திருக்கலாம். சினம் அந்தப் படியைக் காட்டாது. கீழே இறங்கிப் படிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பவருக்கே அது அகப்படும்.

தட்டிப் பார்ப்பதற்குக் கற்பிப்பவர்க்குப் பாடம் நினைவில் இருக்க வேண்டும். மறந்திருந்தால் மறந்தேன் என்று ஒப்புக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து மீண்டும் கற்பதில் இழிவு ஒன்றும் இல்லை. தோட்டப்புறத்துத் தமிழ்ப் பள்ளிகளில் ஒரே கூரையின் கீழ்ப் பல வகுப்புகளையும் தனியாளாக நடத்திய ஆசிரியர்கள், இரவு விளக்கின் முன் அமர்ந்து மறுநாள் கணக்கைத் தாம் முதலில் போட்டுப் பார்த்தனர். அவர்களுக்கு எவரும் பேரறிஞர் பட்டம் சூட்டவில்லை. ஆயினும், இந்திய வரலாற்றை எழுதி முடித்த ஜேம்ஸ் மில்லுக்கு வாய்க்காத ஒன்று அவர்களுக்கு வாய்த்திருந்தது. பிள்ளை தடுமாறும் இடத்தை அவர்கள் முதல் நாள் இரவே தாமும் கடந்து வந்திருந்தனர்.